பேராதனை நாவல்களும் இளமைக் காதலும்

காதல் நாவலும் கையுமாய் இருக்கும் மாணவரைக் கண்டால் பெற்றோர் முகஞ்சுளிப்பதும், ஆசிரியர் அதனைப் பறித்து மேசை லாச்சிக்குள் பூட்டுவதும் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் காரியங்கள். இன்று அந்த நாவல் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. பறித்துப் பூட்டுதல் இனிப் பயன்தராது. கல்லூரிப் பருவத்துக் காதலையும் உடல் வேட்கையையும் பேசும் நாவல்களை எவ்வாறு வாசிப்பது என்ற வினாவுக்கு நாம் விடை கூறியே ஆகவேண்டும். அவ்வினாவுக்குக் கண்டிச் சூழலிலேயே ஒரு வரலாறு உண்டு.

1942 இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 முதல் பேராதனைக்கு இடம்பெயரலாயிற்று. ஹந்தானை மலைச்சாரலில், மகாவலி கங்கையின் அருகே, விடுதிகளோடு கூடிய வளாகம் எழுந்தது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கிராமத்து விவசாயியின் பிள்ளைக்கும் சிறு உத்தியோகத்தனின் பிள்ளைக்கும் அதன் வாயிலைத் திறந்துவிட்டது. ஊரிலோ சாதியும் சாதகமும் சீதனமும் பார்த்தே மணம் பேசினர். வளாகத்திலோ ஆணும் பெண்ணும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து விரிவுரை கேட்டனர். பழைய சமூகத்தின் நியதியும் புதிய வாழ்வின் சுதந்திரமும் ஒரே இளைஞனின் நெஞ்சில் மோதின. அம்மோதலே பேராதனை நாவலின் விளைநிலம் எனலாம்.

1960 இல் இரு சிங்கள நாவல்கள் வெளிவந்தன. ஒன்று குணதாச அமரசேகரவின் ‘யளி உபன்னெமி’. மற்றது, பேராதனையில் விரிவுரையாளராயிருந்த சிறி குணசிங்கவின் ‘ஹெவனெல்ல’. முன்னது ‘மீண்டும் பிறந்தேன்’ என்றும், பின்னது ‘நிழல்’ என்றும் பொருள்படும். கற்ற இளைஞனின் பாலுணர்வையும் குற்றவுணர்வையும் இவை வெளிப்படையாகப் பேசின. ஆபாசம் என்ற கூச்சல் எழுந்தது. சிங்கள நாவலின் மூத்த முன்னோடியான மார்ட்டின் விக்கிரமசிங்கவே, இவ்வணியினர் மேனாட்டுச் சிதைவிலக்கியத்தைப் போலச்செய்கின்றனர் என்று கண்டித்தார். பின்னாளில் அமரசேகர தாமும் அவ்வழியைத் துறந்து, தம் முற்கால நாவல்களை நிராகரித்தார்.

தமிழிலும் இதே புயல் வீசிற்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து மட்டக்களப்பில் ஆசிரியராய்ப் பணிபுரிந்த எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’ 1961 இல் வெளிவந்தபோது, பாலுறவை அது கையாண்ட துணிவைப் போற்றியோரும் தூற்றியோரும் இரு முகாம்களாயினர். மறுபுறம், 1962 இல் கருணாசேன ஜயலத் எழுதிய ‘கொளு ஹதவத்த’ பள்ளிப் பருவக் காதலை மென்மையாகச் சொல்லி வாசகர் கூட்டத்தைக் கவர்ந்தது. 1968 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார். சமூகம் ஒன்றைத் தூற்றி மற்றொன்றைக் கண்ணீரோடு ஏற்றது. இரண்டும் பேசியது இளமையின் வேட்கையைத்தான். ஒன்றில் உடல் இருந்தது, மற்றொன்றில் அது மறைந்திருந்தது.

இங்கே நாம் நிதானித்து நோக்க வேண்டும். பாலுணர்வைப் பேசியமைக்காக ஒரு நாவலைத் தள்ளிவிடுவது நியாயமன்று. மணச்சந்தையில் பெண்ணுக்கு விலை பேசும் சமூகம், காதலைப் பேசும் நூலை ஆபாசம் என்பது வேடிக்கை. எனினும் வேறொரு குற்றச்சாட்டு நிற்கவே செய்கிறது. மேலே கூறிய வேட்கை நாவல்கள் மூன்றும் ஆணின் அகத்தின் வழியாகவே உலகைக் காண்கின்றன. பெண் அங்கே தாயாக, தூண்டுதலாக, பாவத்தின் காரணியாக வருகிறாள். அதே வளாகத்தில் பாடம் படித்து, பரீட்சை எழுதி, தன் வாழ்வைத் தானே தீர்மானிக்க முயன்ற மாணவியின் மனம் அங்கே திறக்கவில்லை. இதனை ஆபாசம் என்று கூச்சலிட்டோரும் கேட்கவில்லை. கலைச் சுதந்திரம் என்று வாதிட்டோரும் கேட்கவில்லை.

இன்னொரு மௌனமும் உண்டு. பேராதனையைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணுக்கும் இளமை இருந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவள் குடும்பத்தின் குடியுரிமையைப் பறித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளிலேதான். இலவசக் கல்வியின் பலன் லயன் காம்பராவை எட்டாத அக்காலத்தில், பல்கலைக்கழகக் காதல் அவள் பிள்ளைகளுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. காதலிக்க ஓய்வும் கல்வியும் யாருக்கு வாய்த்தன என்பதும் இலக்கிய வினாவே.

மொழியும் குறுக்கே நின்றது. 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர் கல்வியும் சுயமொழி வழியாகப் பிரிந்து சென்றது. ஒரே விடுதியிலும் ஒரே நூலகத்திலும் பழகிய சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் தத்தம் மொழியின் நாவலைத் தனித்தனியே வாசித்தனர். அமரசேகரவின் நாயகனையும் பொன்னுத்துரையின் நாயகனையும் அருகருகே வைத்திருந்தால், இருவரையும் வாட்டியது ஒரே நோய் என்பது புலப்பட்டிருக்கும்.

ஆதலால் இன்று மாணவரின் கையில் சூடான காதல் நாவலைக் காணும் ஆசிரியர், அதனைப் பறிக்கும் முன்னர் அதைப் பற்றி அவரோடு பேசுதல் நன்று. இக்கதையில் பெண்ணுக்கு மனம் உண்டா? வேண்டாம் என்று அவள் சொன்னால் அச்சொல் மதிக்கப்படுகிறதா? காதலர்க்கு வீடும் வறுமையும் சாதியும் உண்டா, அன்றி அவர்கள் அந்தரத்தில் வாழ்கிறார்களா? இவ்வினாக்களை எழுப்பக் கற்ற இளைஞர், மலிவான நாவலையும் வாசித்துக் கடந்து செல்வர். நல்ல நாவலையும் இனங்காண்பர். நாளை தமக்கென ஒரு வாழ்வைத் தெரிந்தெடுக்கும்போதும் இவ்வினாக்களை மறவார்.