இலங்கைப் பிரஜாவுரிமையும் நம் கடமையும்

திருவட்டாற்றுக்கு அப்பால் மலையோரத்து அரசு ரப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டுவோருள் இலங்கையினின்று மீண்ட குடும்பத்தினரும் உளர். அவர்கள் மீண்ட காரணத்தை நம் சமூகத்தார் அறிதல் நலம்.

1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தாரும் தம் தந்தை ஆங்குப் பிறந்தமையை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தமையை, நாட்ட வேண்டுமென விதித்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரிடம் அதற்குரிய பத்திரம் ஏது? தலைமுறை தலைமுறையாய் உழைத்தோர் நாடற்றோராயினர்; 1949-இல் வாக்குரிமையும் இழந்தனர். 1964-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். ஆங்கே நாடற்றவராய் நின்றோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை நல்கியது.

உழைப்பை மறந்து ஓலையைக் கேட்கும் சட்டம் நீதியன்று. எனினும், பிறப்புப் பதிவைப் பேணாத குடும்பம் அத்தகைய சட்டத்தின்முன் வாயடைத்து நிற்கும். ஆதலின் நம்மவர் ஒவ்வொருவரும் தத்தம் பத்திரங்களை இன்றே சேமித்து வைப்பாராக.