வரைபும் உடைமையும்: ஜாவாஸ்கிரிப்ட் நூலகத் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரைபு நடுநிலையான கருவி என்னும் கருத்துக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. வில்லியம் பிளேபெயர் 1786 இல் லண்டனில் வெளியிட்ட நூலிலே கோட்டு வரைபுகளும் சலாகை வரைபும் இடம்பெற்றன. இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியும் ஸ்கொத்லாந்தின் வர்த்தகமும் அவற்றின் பொருள்களுள் அடங்கும். வணிக முதலாளித்துவத்தோடு அவ்வடிவம் பிறப்பிலேயே பிணைந்திருந்தது எனலாம்.

இணையத்தில் வரைபுகளையும் பொத்தான், அட்டவணை, தெரிவுப்பட்டி முதலிய இடைமுக உறுப்புக்களையும் ஆக்குவதற்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். 1995 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் இம்மொழி உருவாயிற்று. உலாவிகளின் சந்தைப் போட்டியால் ஒரே நிரல் ஒவ்வோர் உலாவியிலும் வெவ்வேறாக இயங்கிற்று. அவ்வேறுபாடுகளை மறைக்கும் பொது நூலகங்கள் அவசியமாயின. ஜேக்குவெரியும் யாஹூவின் நூலகமும் 2006 இல் வெளிவந்தமை தற்செயலன்று.

யாஹூ நூலகத்தின் நீட்சியாகத் தோன்றிய எக்ஸ்ட் ஜேஎஸ், 2008 இல் ஜி.பி.எல். உரிமத்துக்கு மாற்றப்பட்டது. அதன் புதிய பதிப்பைக் கொண்டு மென்பொருள் ஆக்கி விநியோகிப்போர் தம் மூலநிரலையும் வெளியிடல் வேண்டும். விரும்பாதோர் வணிக உரிமம் வாங்கல் வேண்டும். மென்பொருட் சுதந்திரத்துக்காக எழுதப்பட்ட உரிமமே தனியுடைமையின் கையில் விற்பனைக் கருவியுமாயிற்று. உரிமத்தின் வாசகத்தை மட்டும் படிப்போர் இம்முரண்பாட்டைக் காணார்.

யாஹூ நூலகமோ திறந்த உரிமத்தில் இருந்தது. எனினும், 2014 இல் நிறுவனம் புதிய ஆக்கப் பணிகளை நிறுத்தியதும் அது தேங்கிற்று. உரிமம் திறந்திருப்பினும் பேணும் உழைப்பு இல்லையேல் நூலகம் வாழாது. தன் கணினிகளிலேயே வரைபுகளை ஆக்கி, படங்களாக அனுப்பிய கூகிளின் சேவையின் கதி இன்னும் தெளிவானது. 2012 இல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்ட அச்சேவை 2019 இல் நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த பக்கங்களில் வரைபுகள் மறைந்தன. பயன்படுத்தியோரிடம் நிரல் இருக்கவில்லை. முகவரி மட்டுமே இருந்தது.

இதற்கு மாறான போக்கும் உண்டு. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2011 இல் பிறந்த டி3, ஆயத்த வரைபுகளைத் தருவதில்லை. தரவை ஆவண உறுப்புக்களோடு பிணைக்கும் முறையையே தருகிறது. கற்பதற்கு உழைப்பு மிகுதி. ஆயினும், கற்றவர் வரைபின் ஆக்கமுறையைத் தம் வசப்படுத்துகிறார். ஆயத்த நூலகங்கள் விரைவைத் தருகின்றன. அச்சுக்களின் அளவு, நிறம், தொடக்கப்புள்ளி ஆகியவை பற்றிய தீர்மானங்களைப் பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்துவிடுகின்றன.

பயன்படுத்துவோர் செயலற்றவரல்லர் என்பதற்கு ரியாக்ட் சான்று. பேஸ்புக் 2013 இல் வெளியிட்ட இந்நூலகத்தின் உரிமத்தோடு பின்னர் காப்புரிமை நிபந்தனையொன்று இணைந்திருந்தது. 2017 யூலையில் அப்பாச்சி மன்றம் தன் திட்டங்களில் அவ்வுரிமத்தைத் தடைசெய்தது. செப்டெம்பரில் வேர்ட்பிரஸ் தரப்பும் விலகப்போவதாக அறிவித்தது. அம்மாதத்திலேயே பேஸ்புக் எம்.ஐ.ரி. உரிமத்துக்கு மாறிற்று. கூட்டு மறுப்பு உடைமையாளனின் நிபந்தனையை மாற்றியது.

எனவே, பொதுமக்களுக்குரிய தரவை வெளியிடும் பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ நூலகமொன்றைத் தெரியும்போது அழகையும் வேகத்தையும் மட்டும் அளந்து அமைதல் போதாது. உரிமம் யாருடையது? பேணுவோர் யாவர்? அவர்கள் விலகினால் நிரலைத் தொடரும் உரிமையும் ஆற்றலும் நம்மிடம் உண்டா? இவ்வினாக்களைத் தவிர்ப்போர், தம் ஆய்வு முடிவுகள் மக்கள் கண்ணில் நிலைப்பதையும் மறைவதையும் பிறர் தீர்மானிக்க விட்டவராவர்.