பதிலைப் படிப்பவர் யார்? நோயாளியே நிரப்பும் அளவீடுகளும் அன்றாடச் சிகிச்சையும்

தன் வலி, களைப்பு, மனச்சோர்வு, நடமாட்டம் ஆகியவற்றை நோயாளியே மதிப்பிட்டுச் சொல்லும் வினாப்படிவங்கள் மருந்து ஆய்வுகளில் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. அவற்றை வெளிநோயாளர் பிரிவின் அன்றாட வேலைக்குள் கொண்டுவரும்போது, எந்தப் படிவம் நம்பகமானது, எத்தனை கேள்விகள் போதும் என்ற விவாதமே மேலோங்குகிறது. அதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நோயாளி தந்த பதிலை உடனே படிப்பவர் யார்? படித்ததும் எதைச் செய்ய அவருக்கு அதிகாரம் இருக்கிறது? இதற்கு விடை இல்லாத இடத்தில் இந்த அளவீடுகளால் நோயாளிக்குப் பயனில்லை என்பதே என் வாதம்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று. பரவிய புற்றுநோய்க்காகக் கீமோதெரபி பெற்ற 766 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாந்தி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், வலி உள்ளிட்ட 12 தொந்தரவுகளைக் கணினியில் தாமே குறித்தனர். ஒரு தொந்தரவின் தீவிரம் இரண்டு படி கூடினாலோ மூன்றாம் படியைத் தொட்டாலோ செவிலியருக்கு மின்னஞ்சல் போகும். மருந்தை மாற்றுவது, தொலைபேசியில் வழிசொல்வது, வேறு பிரிவுக்கு அனுப்புவது என அத்தகவல்களில் முக்கால் பங்குக்கு மேல் செவிலியர் உடனே செயல்பட்டனர். 2016, 2017இல் முடிவுகள் வெளியாயின. அவசரச் சிகிச்சைப் பிரிவை நாடியவர்கள் 34 விழுக்காடு; வழக்கமான கவனிப்புப் பிரிவில் 41. இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 31.2 மாதம், மற்றப் பிரிவில் 26. கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்கே பலன் கூடுதலாகக் கிடைத்தது என்பது என்னை மிகவும் ஈர்த்த செய்தி. 'எங்கள் நோயாளிகளுக்கு இதெல்லாம் வராது' என்று ஒதுக்குவோர் இதைப் படிக்க வேண்டும்.

இது ஒரே பெரிய மையத்தின் ஆய்வு. பின்னர் அமெரிக்காவில் 52 சிகிச்சை மையங்களில் 1,191 பேரிடம் நடந்த ஆய்வில் உயிர்வாழ்வுக் காலம் கூடவில்லை. ஆனால் உடலியக்கமும் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டன. அவசரப் பிரிவுக்குப் போக நேர்வதும் தள்ளிப்போனது. ஆகவே ஆயுள் நீளும் என்று வாக்களித்து இம்முறையைப் பரப்புவது சரியாகாது. வேதனை குறைவதே போதுமான காரணம்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2009இல் வேறு பாதையில் இறங்கியது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று, குடலிறக்கம், சுருள்சிரை ஆகிய அறுவைகளுக்கு முன்னும் சில மாதங்கள் கழித்தும் படிவங்கள் நிரப்பப்பட்டன. மருத்துவமனைகளை ஒப்பிடுவதே முதன்மை நோக்கம். அதற்கு அத்தரவு உதவவும் செய்தது. ஆனால், அறுவைக்குப் பின்னும் இரவில் வலியால் தூக்கமில்லை என்று குறித்த ஒருவரின் பதில் அவருடைய மருத்துவரை உடனே எட்டும்படி அந்த ஏற்பாடு வடிவமைக்கப்படவில்லை. குடலிறக்கத்துக்கும் சுருள்சிரைக்கும் இத்திட்டம் 2017இல் நிறுத்தப்பட்டது.

கேள்விகளும் ஊருக்கேற்ப அமைய வேண்டும். 12 கேள்விகள் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு இடுப்பு மதிப்பெண் காலுறை போடுவதையும் காரில் ஏறுவதையும் கேட்கிறது; சம்மணமிட்டு உட்காருவதைக் கேட்பதில்லை. தரையில் அமர்ந்து சாப்பிடும் நம் நோயாளிக்கு அதுதான் முதல் குறை.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தில் படிப்பவரின் பொறுப்பு இன்னும் கூர்மையாகிறது. அதன் ஒன்பதாம் கேள்வி, செத்துவிட்டால் தேவலை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் வந்தது என்பது. அதற்கு 'கிட்டத்தட்ட தினமும்' எனக் குறித்த தாள் மாலைவரை கோப்பில் கிடந்தால், கேட்காமல் விட்டதைவிட அது பெரிய தவறு.

எனவே மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். டேப்லெட்டுகளும் மென்பொருளும் வாங்குவதற்கு முன், பதில்களைப் பார்க்கும் செவிலியர் யார், அதற்கென அவருக்கு ஒதுக்கும் நேரம் எவ்வளவு, மருத்துவரைக் கேட்காமலே அவர் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் எவை என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள்.