பூக்காரியின் குரல்

பேச்சைக் கொண்டு ஆளை எடைபோடும் வழக்கம் நம் காலனியினருக்குப் புதிதன்று. விடுமுறையில் ஊர் சென்றால் நம் குழந்தைகளின் தமிழைக் கேட்டு உறவினர் நகைப்பர். இங்கோ நம் இந்தியைக் கேட்டு அண்டை வீட்டார் நகைப்பர். அதனாற்றான் போலும், 'மை ஃபேர் லேடி' நமக்கு அந்நியக் கதையாகத் தோன்றுவதில்லை.

லண்டன் வீதியில் பூ விற்கும் எலிஸாவுக்கு, ஒலியியல் வல்லுநர் ஹிக்கின்ஸ் உயர்குடி ஆங்கிலம் கற்பித்துச் சீமாட்டிகளிடையே உலவ விடுகிறார். பெர்னார்ட் ஷாவின் இந்த 'பிக்மாலியன்' நாடகம் 1914-இல் லண்டனில் மேடையேறியது. அதை இசை நாடகமாக்க ஷா இசையவில்லை. 1950-இல் அவர் மறைந்த பின்னரே லெர்னரும் லோவும் அதற்குப் பாட்டமைத்தனர். 1956 மார்ச்சில் நியூயார்க்கில் அரங்கேறி, 2,717 முறை நடைபெற்றது. எலிஸாவாக நடித்துப் பாடிப் புகழ் பெற்றவர் ஜூலி ஆண்ட்ரூஸ்.

படமெடுக்கும் உரிமைக்கு வார்னர் கம்பெனியார் 55 லட்சம் டாலர் தந்தனர். இத்துணைப் பணம் போட்டவர்கள், திரையில் அதுவரை தோன்றாத ஜூலியை நம்பத் துணியவில்லை. நட்சத்திரமான ஆட்ரி ஹெப்பர்னை அமர்த்தினர். அம்மையார் பாட்டுப் பயின்று தம் குரலிலேயே பதிவும் செய்தார். முடிவில் பெரும்பாலும் அக்குரலை நீக்கிவிட்டு மார்னி நிக்ஸனின் குரலைச் சேர்த்தனர்.

இரவல் குரல் நாம் அறியாததா? 1938-இல் வந்த 'நந்தகுமார்' படத்திலேயே அது புகுந்துவிட்டது. நம் சங்க நாடகத்திலும் படுதாவுக்குப் பின் நின்று பாடும் அன்பர் இல்லையேல் கதாநாயகி ஏது? அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் இக்கதையே குரலைப் பற்றியதன்றோ! ஒரு பெண் தன் வாயால் பேசக் கற்கும் கதையில் வேறொருத்தி பாடுவது உறுத்தத்தான் செய்கிறது.

ஹிக்கின்ஸாக மேடையில் நடித்த ரெக்ஸ் ஹாரிஸனே படத்திலும் நடித்தார். பாட்டைப் பாதி பேச்சாக, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்பவர் அவர். முன்பதிவுக்கு வாயசைக்க இயலாதென்று மறுத்துவிட்டார். அவருடைய டையில் கம்பியில்லா மைக்கை மறைத்து வைத்து, நடிக்கும்போதே பதிவு செய்தனர். ஆசானுக்கு ஒரு நீதி, மாணவிக்கு ஒரு நீதி!

டைரக்டர் ஜார்ஜ் கியூகர் வீதியையும் குதிரைப் பந்தயத் திடலையும் ஸ்டூடியோவுக்குள்ளேயே அமைத்தார். மேடை வாடை போகவில்லை என்பாரும் உளர். நமக்கு அது குறையாகப் படவில்லை. கறுப்பு வெள்ளை உடையில் சீமான்கள் சிலைகளாய் நிற்க, எலிஸா திருத்தமான உச்சரிப்பில் தன் அத்தை செத்த சந்துக் கதையை அளக்கிறாளே, அங்கே மெய்யான திடல் இருந்திருந்தால் நம் கண் குதிரைகளின் பின்னன்றோ ஓடியிருக்கும்!

1964-இல் வெளிவந்த படம் எட்டு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. ஆட்ரியின் பெயர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்படவும் இல்லை. அவ்வாண்டின் சிறந்த நடிகைப் பரிசு, 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸுக்கே கிடைத்தது. மார்னியின் பெயரோ படத்தின் டைட்டிலிலும் இல்லை. மறு ஆண்டு ஜூலி கதாநாயகியாக நடித்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில், மடத்துக் கன்னியருள் ஒருவராக மார்னி வருகிறார். தம் முகத்துடன், தம் குரலில் பாடுகிறார்.