சாட்சியும் செவியும்: புனே மழலைக் கல்வியில் பதிவின் சரித்திரம் பற்றி ஒரு மறுப்பு

மழலையர் வகுப்பிலே குழந்தை கற்பதை எழுத்தாலும் படத்தாலும் ஒலியாலும் பதிந்து வைத்து, அதனைப் பெற்றோரோடும் பிறரோடும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் எங்கே தோன்றியது என்று வினவினால், கல்விச் சரித்திரம் பயின்றவர்கள் பெரும்பாலும் இத்தாலி தேசத்து ரெஜ்ஜோ எமிலியா நகரத்தையே சுட்டுவார்கள். யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டில், ஜெர்மானியர் விட்டுச்சென்ற டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் வில்லா செல்லா கிராமத்தார் பள்ளி எழுப்பியதும், செய்தி கேட்டு லோரிஸ் மலகுஸ்ஸி சைக்கிளில் அங்கே போனதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. எனக்கு இங்கே வேண்டியவர் மலகுஸ்ஸி அல்லர். அவருடைய அனுபவத்துக்குத் தத்துவ உருவம் கொடுத்த கார்லா ரினால்டி.

ரினால்டியின் சித்தாந்தம், பதிவு என்பது கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கப்பட்ட செவிமடுத்தல் என்பது. ஆசிரியை எடுக்கும் குறிப்பு, படம், ஒலிநாடா ஆகியவையெல்லாம் பாடம் முடிந்தபின் அடுக்கிவைக்கும் அத்தாட்சிகள் அல்ல; குழந்தை எப்படிச் சிந்திக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனம், தான் கேட்டதன் தடயங்களை விட்டுச்செல்கிறது; அந்தத் தடயங்களைப் பார்த்துக் குழந்தையும் ஆசிரியையும் பெற்றோரும் மறுபடி பேசத் தொடங்குகிறார்கள். 2006இல் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியான அவருடைய கட்டுரைகளையும் உரைகளையும் நான் ஒருமுறைக்கு மேல் படித்திருக்கிறேன். வகுப்பறைக்குள் நின்று இதைவிட நுட்பமாக இவ்விஷயத்தைச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு குழந்தையின் மதிப்பெண்ணைக் கேட்பதற்கும் அதன் கேள்வியைக் கேட்பதற்கும் உள்ள தூரத்தை அவர் காட்டியதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆயினும் அந்தச் சித்தாந்தத்தை எடுத்துவந்து நம் நாட்டு மழலைக் கல்விக்கு இலக்கணமாகப் பொருத்துவோரிடம் எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் அவ்வாறு பொருத்துவதற்கு ரினால்டியின் வாசகத்திலேயே இடமிருக்கிறது என்பதுதான் என் முறையீடு. பதிவைச் செவியாகக் கொண்டால், கேட்பவர் நல்லெண்ணம் உடையவர் என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிறது. பள்ளியைத் தாமே செங்கல் சுமந்து கட்டிய ஊரில் அது இயல்பு. கேட்க மறுக்கும் ஊரில், குழந்தை கற்றது என்பதையே நம்பாத ஊரில், பதிவு முதலில் என்னவாகப் பிறக்கும்? புனேயின் சான்றுகள் இதற்கு ஒரு விடை தருகின்றன. அங்கே அது சாட்சியமாகப் பிறந்தது.

ஜோதிராவ் ஃபுலேவும் அவர் மனைவி சாவித்ரிபாயும் புனேயின் பிடே வாடா என்னும் வீட்டில் தொடங்கிய பெண்கள் பள்ளியின் தேதியே இன்றும் தீர்ந்தபாடில்லை. 1848 ஜனவரி 1 என்பது ஜனங்கள் கொண்டாடும் நாள். அவ்வாண்டு ஆகஸ்டு என்று கொள்வோரும் உண்டு. 1851 ஜூலை 3 என்பது அவர்கள் பின்னர் சிப்ளூண்கர் வாடாவில் தொடங்கிய பள்ளிக்கு உரிய தேதி. இந்த முடிச்சை அவிழ்க்க நான் முயலவில்லை. 1852இல் ஃபுலே தம்பதியரின் பள்ளி மாணவியர் ஊரார் முன்னிலையில் பகிரங்கமாகப் பரீட்சிக்கப்பட்டனர் என்பதும், அவ்வாண்டு நவம்பரில் விஷ்ராம்பாக் வாடாவில் ஆங்கிலேயக் கல்வி அதிகாரியான மேஜர் காண்டி ஃபுலேவுக்குச் சால்வை போர்த்திக் கௌரவித்தார் என்பதுமே இங்கு முக்கியம். தெருவில் நடந்த ஆசிரியை சாவித்ரிபாயின் மேல் சாணியெறிந்த ஊர் அது. அந்த ஊரின் நடுவே ஒரு சிறுமியை நிறுத்தி வாசிக்கச் சொன்னதன் நோக்கம் அவளுக்குச் செவிமடுப்பது மட்டுமாக இருந்திருக்க முடியாது.

இனி என் வாதத்துக்கு ஆதாரமான பத்திரத்துக்கு வருகிறேன். அகமதுநகரில் 1842இல் அமெரிக்க மிஷனாரிகள் தொடங்கிய ‘ஞானோதய’ என்னும் பத்திரிகை, 1855 பிப்ரவரி 15, மார்ச் 1 ஆகிய இரு இதழ்களில், ஃபுலேவின் பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற மாங் ஜாதிச் சிறுமி மாங், மஹார் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பிரசுரித்தது. மாணவியின் பயிற்சி ஒன்று, அக்காலத்துத் தொழில்நுட்பமான அச்சு யந்திரத்தின் வழியே வகுப்புக்கு வெளியே சென்று, இன்றும் நம் கைக்கு எட்டும்படி நிற்கிறது என்றால் அது இதுதான். அவள் மழலை அல்லள் என்பதை அறிவேன். எத்தனை வயது என்பதில்தான் பாடபேதம். பின்வந்த நூல்கள் சில பதினொன்று என்கின்றன, பல பதினான்கு என்கின்றன. மூன்றாண்டு படித்தபின் எழுதியது என்பது பெரும்பாலோர் ஒப்பும் செய்தியாதலால், முன்னதைக் கொண்டால் எட்டு வயதிலும், பின்னதைக் கொண்டால் பதினொன்றிலும் அவள் அரிச்சுவடி தொட்டிருக்க வேண்டும். நான் பதினான்கின் பக்கம் சாய்கிறேன், காரணம் வலுவானதன்று. கட்டுரையில் ஓர் இடம் இருக்கிறது. தன் ஜாதிப் பெண்கள் பிரசவிக்கும்போது தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல் மழையிலும் குளிரிலும் படும் பாட்டைச் சொல்லி, அதை உங்கள் சொந்த அனுபவத்தைக் கொண்டு எண்ணிப் பாருங்கள் என்று வாசகரை அவள் அழைக்கிறாள். பிரசவத்தை அருகிருந்து பார்த்த, ஒருவேளை வெந்நீர் சுமந்து உதவிய, சற்று வளர்ந்த பெண்ணின் பேச்சாகவே அது எனக்குப் படுகிறது. எட்டிப் பார்க்கும் சிறு குழந்தையும் இதையெல்லாம் அறியும் என்று ஒருவர் மறுத்தால், அவரை வெல்ல என்னிடம் வேறு ஆதாரம் கிடையாது.

‘இது ஆசிரியர் சொல்லிக்கொடுத்து எழுதியது, இதில் குழந்தையின் குரல் எங்கே?’ என்று ரினால்டியின் வழிவந்தோர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. கல்வி என்னும் மருந்தொன்றே நம் நோயைத் தீர்க்கும், ஆகவே படியுங்கள் என்று தன் ஜனங்களை நோக்கி அவள் உபதேசிக்கும் இடத்தில் பள்ளிக்கூடத்து வாடை வீசுகிறது. அங்கே ஆசிரியரின் கை தெரிகிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பேஷ்வா காலத்தில் குல்டேக்டி மைதானத்தில் தன் முன்னோரின் தலைகள் பந்தாக உருண்டதைச் சொல்லும் பகுதியோ, 1818இல் முடிந்துபோன ஆட்சியைப் பற்றியதாதலால், வீட்டுப் பெரியவர்களின் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கூரையில்லாத பிரசவத்தைச் சொல்லும் பகுதி இவ்விரண்டையும் சேராதது. ஆக, பள்ளி கொடுத்தது, வீடு கொடுத்தது, தான் கண்டது என மூன்று நூல்களும் ஒரே துணியில் ஓடுகின்றன. கலப்பில்லாத குழந்தைக் குரல் ஒன்றைத் தேடி இந்தத் துணியைப் பிரிப்பவர்கள், கற்றல் என்பதே அந்த நெசவுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1855க்கும் இன்றைய அங்கன்வாடிக்கும் நடுவே நேர் வம்சாவளி ஒன்றை என்னால் காட்ட முடியாது. இடையில் பண்டிதை ராமாபாய் பிலடெல்பியாவில் ஃப்ரோபெலின் கிண்டர்கார்டன் முறையைப் பயின்று திரும்பி, 1889இல் பம்பாயில் நிறுவிய சாரதா சதனத்தை மறுவருஷம் புனேக்குக் கொண்டுவந்தார். அவருக்குத் துணையாக 1887இல் அமைந்த சங்கம் பாஸ்டன் நகரிலிருந்ததால், அங்கே கற்றல் கடல் கடந்த புரவலர்க்குக் காட்டும் கணக்காகவும் ஆயிற்று.

மழலைக் கல்வி முன்னோடிகளான தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் செய்தது வேறு. அனுதாய் புனே ஜில்லா மோர்காவில் 1910இல் பிறந்தவர். புனேயின் ஹுஜூர்பாகா பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்துவிட்டு, 1945இல் தாராபாயோடு கடற்கரைக் கிராமமான போர்டிக்குச் சென்று, 1957 முதல் கோஸ்பாட் குன்றில் ஆதிவாசிக் குழந்தைகளோடு வாழ்ந்தவர். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியைக் குழந்தைகளின் வாசலுக்கே கொண்டுபோனார்கள். ‘அங்கண்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயரைத் தந்தவர் தாராபாய். அந்த முற்றத்தில், நெல் புடைத்துக்கொண்டிருந்த தாய் தலையை நிமிர்த்தினால் தன் பிள்ளை என்ன கற்கிறது என்று பிரத்யட்சமாகப் பார்க்கலாம். அதற்குக் காகிதமும் வேண்டாம், படமும் வேண்டாம். ரெஜ்ஜோவின் முதல் நகராட்சிப் பள்ளி திறந்த 1963க்கு முன்பே இங்கே பதிவே தேவைப்படாத ஒரு பகிர்வு இருந்திருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி அங்கன்வாடி என்ற பெயர் தேசமெங்கும் பரவியது. முற்றம் அறையாயிற்று, அறைக்குச் சுவர் வந்தது, தாயின் பார்வை வெளியே நின்றது. பதிவின் தேவை அந்தச் சுவரோடு பிறந்தது என்று நான் கருதுகிறேன். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனெனில் இதற்கு நேரான சாசனம் எதுவும் இல்லை, பெயரின் பொருள் ஒன்றே சாட்சி.

2020 மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் புனேயில் கண்டறியப்பட்டார்கள். சில நாட்களில் சுவருக்குள் இருந்த அறையும் மூடிக்கொண்டது. அதற்குப் பின் பிரதம், ராக்கெட் லேர்னிங் போன்ற ஸ்தாபனங்களின் துணையோடும் அங்கன்வாடி ஆசிரியைகளான சேவிகைகளின் சுயமுயற்சியாலும் வாட்ஸ்அப் குழுக்கள் பெருகின. காலையில் ஒரு செயல்பாடு போகும், மாலைக்குள் தாய்மார் எடுத்த படங்களும் வீடியோக்களும் வந்து சேரும். இந்தச் சரித்திரத்தில் முதன்முறையாகப் பதிபவள் தாய், பார்ப்பவள் ஆசிரியை. அதே கைப்பேசியில் 2021 மார்ச்சில் அரசின் போஷண் டிராக்கர் செயலியும் வந்தது. அது கேட்டது எடையும் உயரமும் வருகையும். அவ்வாண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், செயலி மராத்தியில் இல்லை, கொடுக்கப்பட்ட போன் சூடேறி நின்றுவிடுகிறது என்று சொல்லி அரசு போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். சாட்சியம் கணக்காகச் சுருங்கும்போது எழும் கோபத்தை நான் அதில் காண்கிறேன். 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், உற்றுநோக்கிய குறிப்புகளையும் குழந்தையின் கைவேலைத் தொகுப்பையும் வற்புறுத்தியது நல்ல திருப்பம்.

சென்ற வருஷம், புனேயின் பழைய பேட்டை ஒன்றிலுள்ள அங்கன்வாடியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் சேவிகையைத் ‘தாயி’ என்றழைக்கின்றன. மராத்தியில் அதற்கு அக்காள் என்று பொருள், தமிழ்க் காதில் அது தாயாகவே விழுகிறது. அவர் தம் போனில் ஒரு வீடியோ காட்டினார். எவர்சில்வர் தட்டில் புளியங்கொட்டைகள்; நாலு வயதுப் பெண் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுகிறாள்; ஐந்துக்குப் பின் ஆறு என்று இரண்டு கொட்டைகளுக்கும் சொல்கிறாள். படத்தின் ஓரத்திலிருந்து வளையலணிந்த ஒரு கை திருத்துவதற்காக உள்ளே நீள்கிறது. தட்டின் விளிம்புவரை வந்து, நின்று, திரும்பிப் போய்விடுகிறது. குழந்தை தானே இரண்டாவது ஆறைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி எண்ணுகிறாள். முக்தாபாயின் கட்டுரையில் நான் பிரிக்க முயன்ற கைகள் இங்கே என் கண்முன்னே இருந்தன.

ஞானோதயத்தின் அந்த இரு இதழ்களிலிருந்த கட்டுரை நூற்றெழுபது வருஷங்களுக்குப் பின்னும் வாசிக்கக் கிடைக்கிறது. பிடே வாடாவோ 2023 டிசம்பரில் நினைவகம் எழுப்புவதற்காக இடிக்கப்பட்டது. இந்த வீடியோ என்னவாகும் என்று தாயியைக் கேட்டேன். போனில் இடம் போதாது, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்றார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். அழிக்குமுன் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி எழுதிவைப்பதாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர், தேதி, அதன் கீழே மராத்தியில் ஒரே வரி: அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.