ஆர்மீனியப் பாடசாலைகளிற் சதுரங்கம்

1963ஆம் ஆண்டில் திக்ரன் பெத்ரோசியன் மொஸ்கோவில் பொத்வின்னிக்கை வென்று உலகச் சதுரங்கப் பட்டம் பெற்றமை ஆர்மீனிய மக்களுக்குப் பெருமிதம் அளித்தது. அவ்வார்வம் வேரூன்றிய நாட்டிலே, 2011ஆம் ஆண்டில், ஆரம்பப் பாடசாலைகளின் இரண்டாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை சதுரங்கம் கட்டாய பாடமாயிற்று. சிந்தனைத் திறனை வளர்த்தலே நோக்கமெனக் கூறப்பட்டது.

எனினும், இங்கிலாந்தில் 100 பாடசாலைகளில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வு, சதுரங்கம் பயின்ற மாணாக்கர் ஓராண்டின் பின் கணிதத்தில் ஏனையோரை விஞ்சவில்லை எனக் கண்டது. ஆகவே, பரீட்சைப் புள்ளிகளை முன்னிறுத்தி இவ்விளையாட்டைப் போற்றுதல் பொருந்தாது என நாம் கருதுகின்றோம். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது சதுரங்க விதி. செய்யுமுன் எண்ணுதலையும் செய்தபின் விளைவை ஏற்றலையும் அது சிறுவர்க்குப் பழக்கவல்லது. அப்பழக்கத்தின் பொருட்டே சதுரங்கம் கற்பிக்கத்தக்கது என்பது நம் துணிபு.