திதியும் சந்திர யாத்திரையும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள சேரப்பணஞ்சேரியின் தேநீர்க் கடைச் சுவர்களில் தினசரி நாட்காட்டி தொங்குகிறது; தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருப்பவர் அதில் விடுமுறை நாளைத் தேடுகிறார், மனையில் கடைக்கால் எடுக்க எண்ணுபவர் கீழ்நோக்கு நாளைத் தேடுகிறார், கல்லாவில் அமர்ந்திருப்பவர் தம் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்றைக்கு என்று பார்த்துக்கொள்கிறார். அந்தச் சிறு தாளில் நாழிகைக் கணக்கோடு அச்சாகியிருக்கும் திதியும் நட்சத்திரமும், இதே காஞ்சி மண்டலத்தில் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளாகப் பேணப்பட்டுவரும் ஒரு கணித சம்பிரதாயத்தின் பலன்கள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பது அரிது.

கி.பி. 1300-ஐ ஒட்டிக் காஞ்சி வட்டாரத்தில் இயற்றப்பட்டதாக அறிஞர்கள் கருதும் 'வாக்கியகரணம்' என்னும் சம்ஸ்கிருத நூலே நம் வாக்கியப் பஞ்சாங்கங்களுக்கு மூலம். ஆசிரியர் தம் பெயரை அதில் விட்டுச் செல்லவில்லை. நூலை டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பரிசோதித்துத் தர, சென்னைக் குப்புசுவாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிலையம் 1962-இல் வெளியிட்டது. வாக்கியம் என்ற பெயர் வந்த விதம் இது: சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. ஒரு நாளில் பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாகவும், வேறொரு நாளில் பதினைந்துக்குச் சற்று அதிகமாகவும் நகர்கிறது. ஆகையால்தான் ஒரு திதி பத்தொன்பது மணி நேரத்தில் முடிவதும், மற்றொன்று இருபத்தாறு மணி வரை நீள்வதும் உண்டு. ஆனால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்பது முறை நிறைவுறுவதற்கு ஏறக்குறையச் சரியாக 248 நாட்கள் ஆகின்றன என்பதைக் கண்டுகொண்ட நம் முன்னோர், நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை அமைத்து, எழுத்துக்கு எண் வழங்கும் கடபயாதி முறையால் ஒவ்வொரு வாக்கியத்துள்ளும் அன்றைய சந்திரனின் நிலையைப் பொதிந்து வைத்தார்கள். அவற்றை வரருசி செய்தார் என்பது ஐதிகம். ஏட்டைப் புரட்டாமலே, பாராயணம் செய்த ஒருவன் வானத்தின் கணக்கை நாவில் தாங்கி நடக்க இயன்றது.

அவ்வாறு தாங்கி நடந்தவர் ஒருவரை நாம் சற்று அருகிலிருந்தே காண முடிகிறது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில், புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்திருந்த வாக்கியங்களைக் கொண்டே, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதமில்லை, எழுதுகோலில்லை, சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியுமே கணக்கு முழுவதும் நடந்தது. கணித வரலாற்றாசிரியர் நாய்கபாவர் 1952-இல் அதைச் சோதித்தபோது, கிரகணத்தின் தொடக்கத்தில் நான்கு நிமிஷமும், மத்தியில் இருபத்துமூன்று நிமிஷமும், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிஷமும் பிழை கண்டார். அந்தக் கணக்கின் காரணகாரியத்தை அப்பஞ்சாங்கக்காரர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் குறை கூறுகிறார். ஆயினும் நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த வாக்கியங்கள் ஒரு மணி நேரத்துக்குள் உண்மையைத் தொட்டன என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் பிழை பிழைதான். அதைத் திருத்தவும் இம்மரபிலேயே ஒருவர் தோன்றினார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் முதல் உதவியாளராக உயர்ந்து, 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், கண்ணால் கண்டதோடு பொருந்தாத கணக்கைச் சாஸ்திரம் என்று போற்றுதல் தகாது என வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. பிரத்யட்சத்தின் பக்கம் நின்ற ஆசாரியாரே சம்பிரதாயத்துக்கு உண்மையான சேவை செய்தார் என்பது என் துணிபு.

கணக்கில் மட்டுமன்றி, சந்திரனைப் பற்றிய நம் எண்ணங்களிலும் பிழை உண்டு. பிறை தேய்வது பூமியின் நிழலால் என்று படித்தவர்களும் இன்னும் நம்புவதைக் காண்கிறேன். பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவது பௌர்ணமியன்று நேரும் கிரகணத்தில் மட்டுமே. சூரியனுக்கு எதிர்ப்பட்ட பாதி எப்போதும் ஒளிர்கிறது. அப்பாதியில் நமக்குத் தெரியும் பங்குதான் கூடிக் குறைகிறது. பஞ்சாங்கத்தின் இலக்கணமே இதற்குச் சான்று: சூரியனிடமிருந்து சந்திரன் பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி; விலகலே இல்லாத நொடி அமாவாசை, நூற்றெண்பது பாகை பௌர்ணமி. நிழலுக்கு அங்கே இடமேயில்லை. மேல்நோக்கு நாளும் கீழ்நோக்கு நாளும் வளர்பிறை தேய்பிறையைப் பொறுத்தவை என்ற எண்ணமும் தவறே; அவற்றை நிர்ணயிப்பது நட்சத்திரம்.

மனிதர் சந்திரனில் இறங்கியபோதும் திதியின் கணக்கைத் தவிர்க்க இயலவில்லை. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கியது நம் கடிகாரத்தில் 1969 ஜூலை 21 அதிகாலை 1:47 மணிக்கு, வளர்பிறைச் சஷ்டியில். அந்த இடத்தில் அப்போது சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் பதினொரு பாகையே எழுந்திருந்தது. நிழல் நீண்டு விழுந்தால்தான் பள்ளமும் பாறையும் கண்ணுக்குப் புலப்படும் என்பதால் அந்த இளங்காலைப் பொழுதையே தேர்ந்திருந்தார்கள். ஒரு நாள் தாமதித்தால் அங்கே சூரியன் ஏறக்குறையப் பன்னிரண்டு பாகை, அதாவது ஒரு திதியின் அளவு, உயர்ந்துவிடும். ஆதலின் புறப்பாடு இரண்டு நாள் தள்ளிப்போனால் இறங்குவதற்கென மேற்கே வேறோர் இடத்தை ஆயத்தமாகக் குறித்து வைத்திருந்தனர். பூமியை நோக்கிய முகத்தில் காலைப்பொழுது பரவுவது வளர்பிறையில்தான்; எனவே 1972 டிசம்பர் வரை பன்னிரண்டு மனிதர் நடந்த ஆறு யாத்திரைகளிலும் இறக்கம் வளர்பிறையிலேயே நிகழ்ந்தது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக வழிநடத்திய சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04 மணிக்கு, தென் துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியதும் வளர்பிறைச் சப்தமியில். சூரிய ஒளியால் இயங்கும் அக்கலத்துக்கு அங்கே விடிந்து, நம் நாட்கணக்கில் பதினான்கு நாள் நீளும் பகல் முழுவதும் தேவைப்பட்டது.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் இரவு விளக்குகள் சிறு விண்மீன்களை மறைத்துவிட்டன. சந்திரனை மறைக்க அவற்றால் ஆகவில்லை. இப்பகுதி இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த சந்திர கிரகணத்தன்று கைக்கடிகாரத்தோடு மொட்டை மாடிக்குச் செல்லுங்கள், நிழல் தொடும் நேரத்தையும் விலகும் நேரத்தையும் குறித்து, வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள், எத்தனை நிமிஷம் வேறுபடுகிறது என்று அதன் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.